கணக்கெடுத்த பிறகு தெரிந்தது: ஒன்ராறியோப் பாடசாலைகளில் கறுப்பின மாணவர்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கல்விச் செய்திகளைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. வகுப்பில் இழிசொல்லை உச்சரித்த ஆசிரியர் விடுப்பில் அனுப்பப்பட்டார் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. ஒரு வட்டாரத்தின் அரச பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபை முழுவதையும் மாகாண அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்று இன்னொரு நாள். ஒன்பதாம் வகுப்புப் பாடங்களை இரண்டு தரமாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதற்கும் இனவாதம் ஒரு காரணம் என்று வேறொரு நாள். ஆசிரியரின் வாயிலிருந்து வந்த சொல்லும் ஒன்பதாம் வகுப்புக் கணிதமும் எப்படி ஒரே பட்டியலுக்குள் வந்தன?

பாடசாலைக்குள் யார், எந்த முடிவை, எவரிடமும் கணக்குக் காட்டாமல் எடுக்க முடிகிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரியும். அதற்கு முன் சில அடிப்படைகள்.

யாருடைய பிள்ளைகள்

2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். மொத்த மக்களில் 4.3 வீதம். ஒன்ராறியோவைப் பொறுத்தவரை இந்த ஒரு பெயருக்குள் குறைந்தது மூன்று புலம்பெயர்வுகள் இருக்கின்றன.

1. அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பி, 19ஆம் நூற்றாண்டில் எல்லை கடந்து மாகாணத்தின் தென்மேற்கில் குடியேறியவர்களின் வழிவந்தோர். ‘நீ எந்த நாட்டிலிருந்து வந்தாய்?’ என்று இவர்களிடம் கேட்பவரின் குடும்பம் பெரும்பாலும் இவர்களுக்குப் பின்னால்தான் கனடாவுக்கு வந்திருக்கும்.

2. கரிபியன் தீவுகளிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்தோர். 1955இல் தொடங்கிய வீட்டுப் பணிப்பெண் திட்டம் முதலில் ஒரு சிறு வாசலைத் திறந்தது. கல்வி, தொழில் போன்றவற்றுக்குப் புள்ளியிட்டுக் குடியேறிகளைத் தெரிவு செய்யும் முறை 1967இல் வந்து அதை அகலப்படுத்தியது.

3. சோமாலியா, எத்தியோப்பியா, எரித்திரியா, கானா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து நேரடியாக வந்தோர். சோமாலிய அகதிகள் பெருந்தொகையாக ரொறன்ரோவுக்கு வந்த 1980களின் இறுதியும் 1990களின் தொடக்கமும்தான் ஈழத்தமிழர் வந்த காலமும். சோமாலியர்கள் டிக்சன் வீதி அடுக்குமாடிகளில் இறங்கினார்கள். நம்மவர்களில் பலர் சென் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில்.

ஒன்ராறியோவுக்கு இன அடிப்படையில் பாடசாலைகளைப் பிரித்த வரலாறும் உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களின் கதை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1850ஆம் ஆண்டின் பொதுப் பாடசாலைச் சட்டம், கறுப்பினக் குடும்பங்கள் கேட்டால் அவர்களுக்குத் தனிப் பாடசாலை அமைக்க வழி செய்தது. ஏட்டில் அது ஓர் உரிமை. நடைமுறையில், ‘உங்களுக்குத்தான் தனிப் பாடசாலை உண்டே’ என்று பொதுப் பாடசாலையின் வாசலை மூடுவதற்கு வெள்ளையர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். மாகாணச் சட்டசபையின் முதல் கறுப்பின உறுப்பினரான லெனர்ட் பிரெய்த்வெயிட் 1964இல் எழுந்து கேட்ட பிறகே அந்தப் பிரிவு சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மாகாணத்தின் கடைசித் தனிப் பாடசாலை 1965இல் மூடப்பட்டது. கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் இதற்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இழிசொல் ஒன்று, முடிவு ஒன்று

கறுப்பின மாணவர் சந்திக்கும் இனவாதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வசதி.

முதலாவது, கண்ணுக்கும் காதுக்கும் தெரிவது. நடைபாதையில் எறியப்படும் இழிசொல், அனுமதியின்றித் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கும் கை, ஹாலோவீன் நாளில் கறுப்பு வண்ணம் பூசிய முகம். இதற்குச் சாட்சி இருக்கும். இப்போது பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியும் இருக்கும். பாடசாலை மன்னிப்புக் கேட்கும், கடிதம் அனுப்பும், சில வேளை ஒருவரைத் தண்டிக்கும்.

இரண்டாவதற்குச் சாட்சி இருப்பதில்லை. அது ஒரு படிவத்தில் போடப்படும் அடையாளமாகவோ, அதிபர் எழுதும் கடிதமாகவோ, ஆலோசகர் அன்போடு சொல்லும் அறிவுரையாகவோ வருகிறது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆயிரம் முடிவுகளை ஒன்றாகக் கூட்டினால் மட்டுமே அவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். யாரும் வெறுப்போடு செய்யாமலே, வழக்கமான விதிகளும் வழக்கமான முடிவுகளும் சேர்ந்து ஒரு குழுவுக்கு மட்டும் தொடர்ந்து பாதகமாக முடிவதைத்தான் ‘முறைமை சார்ந்த இனவாதம்’ என்கிறார்கள்.

இலங்கையின் சட்டத் தமிழில் ‘தற்றுணிபு’ என்றொரு நல்ல சொல் உண்டு. விதி இடம் கொடுத்த எல்லைக்குள் அதிகாரி தன் மதிப்பீட்டின்படி முடிவெடுக்கும் உரிமை அது. பாடசாலை தற்றுணிபால் இயங்கும் இடம். அது இல்லாமல் ஒரு வகுப்பைக்கூட நடத்த முடியாது. இனவாதம் சட்டத்திலிருந்து வெளியேறிய பிறகு இங்கேதான் குடியேறியது.

இதைச் சொன்னவர்கள் புதியவர்கள் அல்லர். 1992 மே மாதம், கறுப்பின இளைஞர் ஒருவரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றதை அடுத்து ரொறன்ரோவின் யங் வீதியில் கலவரம் மூண்டபோது, மாகாண முதல்வர் பொப் ரே, தன் கட்சியின் முன்னாள் மாகாணத் தலைவர் ஸ்டீபன் லூயிஸிடம் ஓர் அறிக்கை கேட்டார். அடுத்த மாதமே வந்த அந்த அறிக்கை, பொதுவான ‘சிறுபான்மையினர் பிரச்சினை’ என்ற போர்வையை விலக்கிவிட்டு, அடிப்படையில் இது கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம் என்று பெயர் சொன்னது. பாடசாலைகளில் தாழ்ந்த பாடத் தடங்களில் தள்ளப்படுவதும் இடைவிலகுவதும் கறுப்பினப் பிள்ளைகளே என்றும் அது குறிப்பிட்டது. பொலிஸ் பற்றிக் கேட்கப் போன ஒருவர் பாடத் தடம் பற்றி எழுதிக்கொண்டு வந்தார்.

முதல் கதவு: பாடத் தெரிவு

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 13. அடுத்த ஆண்டு உயர்நிலைப் பாடசாலையில் என்ன பாடம் என்று அந்தக் குளிர்காலத்தில் ஒரு படிவம் வரும். 1999 முதல் அண்மைக்காலம் வரை அந்தப் படிவத்தில் ஒவ்வொரு முக்கிய பாடமும் இரண்டு தரங்களில் இருந்தது. கோட்பாட்டுக்கு முதன்மை தரும் ‘அகடமிக்’ ஒன்று. செய்முறைக்கு முதன்மை தரும் ‘அப்ளைட்’ மற்றொன்று. இவற்றுக்கும் கீழே, அடிப்படைத் திறன்களோடு நிற்கும் ஒரு மூன்றாம் தரமும் இருந்தது. இந்தப் பிரிப்பைத்தான் ‘ஸ்ட்ரீமிங்’ என்கிறார்கள். தமிழில் தடம் பிரித்தல் எனலாம்.

இதில் சிக்கல் எங்கே? கணிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. பல்கலைக்கழகத்துக்குச் செல்ல 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழகத் தரப் பாடங்கள் தேவை.
2. அவற்றுக்கு 11ஆம் வகுப்பில் அதற்கேற்ற கணிதம் தேவை.
3. அதற்கு 10ஆம் வகுப்பு அகடமிக் கணிதம் தேவை.
4. அப்ளைட் கணிதம் படித்த பிள்ளை அங்கே ஏற வேண்டுமானால், இடையில் ஒரு மாற்றுப் பாடத்தைத் தனியாக எடுத்துத் தேற வேண்டும். எடுப்பவர்கள் குறைவு.

13 வயதில் போட்ட அடையாளம் 18 வயதின் வாசல்களில் பாதியை மூடிவிடுகிறது. படிவத்தில் கையொப்பமிடுவது பெற்றோர்தான். எனவே சட்டப்படி அது குடும்பத்தின் தெரிவு. ஆனால் கையொப்பத்துக்கு முன்னால் ஓர் உரையாடல் நடக்கும். ‘உங்கள் மகன் நல்ல பிள்ளை, ஆனால் அகடமிக் அவனுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும். அப்ளைட் எடுத்தால் நல்ல புள்ளி வரும், தன்னம்பிக்கையும் வரும்.’ வெறுப்பின் வாசனைகூட இல்லாத அறிவுரை. ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த பெற்றோர் தலையாட்டுவார்கள். 11ஆம் வகுப்பில்தான், தான் எங்கே நிற்கிறான் என்று பிள்ளைக்கே தெரியவரும்.

யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கை, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் தரவுகளைக் கொண்டு இதை அளந்தது. 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்களை 2011 வரை தொடர்ந்ததில் கிடைத்த படம் இது: வெள்ளை மாணவர்களில் 81 வீதத்தினர் அகடமிக் தடத்தில் இருந்தார்கள். கறுப்பினத்தவர் அல்லாத ஏனைய சிறுபான்மையினரில் 80 வீதத்தினர். கறுப்பின மாணவர்களில் 53 வீதத்தினர் மட்டுமே. அப்ளைட் தடத்தில் கறுப்பின மாணவர்கள் 39 வீதம். வெள்ளை மாணவர்கள் 18 வீதம். ஐந்தாண்டு முடிவில் பட்டயம் பெற்று வெளியேறியவர்கள் கறுப்பினத்தில் 69 வீதம், வெள்ளையரில் 84 வீதம், ஏனைய சிறுபான்மையினரில் 87 வீதம்.

பேராசிரியர் ஜோர்ஜ் டே 1990களிலேயே ஒரு சொல் மாற்றத்தை முன்வைத்தார். இந்தப் பிள்ளைகளை ‘இடைவிலகியவர்கள்’ என்று எழுதாதீர்கள், ‘வெளித்தள்ளப்பட்டவர்கள்’ என்று எழுதிப் பாருங்கள் என்றார். மேலே உள்ள நான்கு படிகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது மிகையாகத் தோன்றாது.

இரண்டாவது கதவு: இடைநீக்கம்

ஒன்ராறியோவில் ஓர் அதிபர் மாணவரை 1 முதல் 20 பாடசாலை நாட்கள் வரை இடைநீக்கம் செய்யலாம். போதைப்பொருள், மிரட்டல், ஆசிரியரைத் தகாத சொற்களால் திட்டுதல், சொத்தைச் சேதப்படுத்தல் என்று சட்டம் காரணங்களை வரிசைப்படுத்துகிறது. வரிசையின் இறுதியில், கல்விச் சபையின் கொள்கை இடம் தரும் வேறு எந்தச் செயலும் என்று ஒரு பை தொங்குகிறது. ‘அதிகாரத்துக்குத் தொடர்ந்து பணிய மறுத்தல்’ போன்ற சொற்றொடர்கள் இந்தப் பைக்குள்தான் வந்து விழுகின்றன. கத்தி கொண்டுவந்தானா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இருக்காது. பணிய மறுத்தானா என்பது, பார்த்தவர் யார், பார்க்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. ஒரே எதிர்க்கேள்வி ஒருவரின் வாயில் துடிப்பாகவும் இன்னொருவரின் வாயில் திமிராகவும் கேட்கக்கூடும்.

ஜேம்ஸின் அதே அறிக்கை சொல்கிறது: உயர்நிலைப் பாடசாலையை முடிப்பதற்குள் குறைந்தது ஒருமுறை இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் கறுப்பின மாணவர்களில் 42 வீதம். வெள்ளை மாணவர்களில் 18, ஏனைய சிறுபான்மையினரில் 15. அந்தச் சபையில் ஐந்தாண்டுகளில் முற்றாக வெளியேற்றப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர்.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வந்த ‘பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம்’ சில குற்றங்களுக்குத் தண்டனையைக் கட்டாயமாக்கியது. ‘சிறிதும் பொறுக்கமாட்டோம்’ என்பது அன்றைய முழக்கம். தற்றுணிபை நீக்கினால் பாரபட்சமும் நீங்க வேண்டும் அல்லவா? நீங்கவில்லை. தண்டனைதான் கட்டாயமானது, யாரைப் பிடிப்பது, எதைக் குற்றமாக எழுதுவது என்ற தீர்மானம் அப்படியே இருந்தது. மாகாண மனித உரிமை ஆணைக்குழு கொடுத்த முறைப்பாடுகளும் அவற்றைத் தொடர்ந்த இணக்கப்பாடுகளும் சேர்ந்து அந்தச் சட்டத்தை மாற்றவைத்தன. 2008 பெப்ரவரி முதல், தண்டிக்கும் முன் அதிபர் சூழலைப் பார்க்க வேண்டும். மாணவரின் செயல், இனத்தின் பேரில் அவருக்கு நடந்த தொந்தரவிலிருந்து எழுந்ததா என்பதும் அப்படிப் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று.

மூன்றாவது கதவு: தொலைபேசி

ஒரு பிள்ளை அடங்க மறுக்கும்போது பாடசாலை யாரை அழைக்கிறது? 2016 செப்டம்பரில் ரொறன்ரோவுக்கு மேற்கே மிசிசாகா நகரின் ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு அழைக்கப்பட்ட பீல் பிராந்தியப் பொலிஸார் இருவர், 6 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் குப்புறப் படுக்கவைத்துக் கைகளிலும் கால்களிலும் விலங்கிட்டு 28 நிமிடங்கள் வைத்திருந்தார்கள். அவளுடைய எடை 48 இறாத்தல். அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் இனம் ஒரு காரணியாக இருந்தது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2020இல் கண்டது. மறு ஆண்டு 35,000 டொலர் இழப்பீடு விதித்தது.

தீர்ப்பு பொலிஸுக்கு எதிரானது. அந்தத் தொலைபேசியை எடுக்கலாம் என்ற முடிவோ பாடசாலைக்குள் எடுக்கப்பட்டது.

வறுமையால் வரும் விளைவு இல்லையா?

இந்த எண்களைக் காட்டும்போதெல்லாம் எழும் கேள்வி இது. நேர்மையான கேள்விதான். வறுமை, ஒற்றைப் பெற்றோர் குடும்பம், அடிக்கடி வீடு மாறுதல் ஆகியவை எந்த இனத்துப் பிள்ளையின் படிப்பையும் பாதிக்கும். ஜேம்ஸின் எண்கள் ஒரு கல்விச் சபையின் ஒரு தொகுதி மாணவர்களைப் பற்றியவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் இரண்டு விடயங்களை அந்தக் கேள்வி தாண்ட வேண்டும்.

ஒன்று, ‘ஏனைய சிறுபான்மையினர்’ என்ற பிரிவில் அண்மையில் வந்த குடியேறிகளும் அகதிகளும் நிறையவே இருக்கிறார்கள். வாடகைக்கு அல்லாடும் குடும்பங்களும் அங்கே உண்டு. புதிதாக வந்ததும் பணமில்லாததும் மட்டுமே காரணம் என்றால், அவர்களுடைய இடைநீக்க வீதம் வெள்ளையரைவிடக் குறைவாக இருப்பதற்கு விளக்கம் வேண்டும்.

இரண்டு, பீல் கல்விச் சபை பற்றிய மீளாய்வு. பிரம்டன், மிசிசாகா நகரங்களை உள்ளடக்கிய இந்தச் சபையை ஆராய மாகாண அரசு 2019 நவம்பரில் மூவரை நியமித்தது. 2020 மார்ச்சில் அறிக்கை வெளியானது. உயர்நிலைப் பாடசாலை மாணவர்களில் 10.2 வீதமான கறுப்பினத்தவர், இடைநீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 22.5 வீதமாக இருந்தார்கள். தலைமூடியுள்ள மேலாடையும் வளையக் காதணியும் கூட இடைநீக்கத்துக்குச் சாக்காகின என்று மீளாய்வாளர்களிடம் சொல்லப்பட்டது. வறுமை ஒரு பிள்ளையின் கணிதப் புள்ளியைக் குறைக்கலாம். காதணியைக் குற்றமாக்குவது வறுமையின் வேலை இல்லை.

பாடசாலைகள் என்னென்ன செய்கின்றன

எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிப் போவோம்.

1. பெப்ரவரி. கறுப்பின வரலாற்று மாதத்தில் சுவரொட்டி, பேச்சாளர், மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி. தீங்கில்லை. மார்ச் முதலாம் தேதி சுவரொட்டிகள் இறங்கும்போது மேலே சொன்ன மூன்று கதவுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2. பயிற்சி. ஆசிரியர்களுக்கு அரைநாள், ஒருநாள் வகுப்புகள். வந்து அமர்ந்தார்களா என்று குறிக்கிறார்கள். அதன் பிறகு முடிவுகள் மாறினவா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

3. சம்பவப் பதிவு. ரொறன்ரோ கல்விச் சபை, இனவாத, வெறுப்புச் சம்பவங்களை அதிபர்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. பதிவாகும் சம்பவங்களில் கறுப்பினத்தவருக்கு எதிரானவையே முன்னணியில் நிற்கின்றன. பதிவு செய்யத் தொடங்கியதும் எண்ணிக்கை உயரும். அதைக் கண்டு ‘இனவாதம் கூடிவிட்டது’ என்று தலைப்பிடுவது அவசரம். மறைந்திருந்தது மேலே வருகிறது என்பதும் அதே அளவு சாத்தியம்.

4. பொலிஸை வெளியேற்றுதல். 2007இல் ரொறன்ரோப் பாடசாலை ஒன்றுக்குள் 15 வயது மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2008 முதல் உயர்நிலைப் பாடசாலைகளில் பொலிஸார் நிறுத்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் சபை அதை முடித்துக்கொண்டது. சபை நடத்திய கருத்துக்கணிப்பில் மாணவர்களில் பெரும்பான்மையினர் பொலிஸார் இருப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்காணிக்கப்படுவதாக உணர்ந்தவர்கள் சிறுபான்மையினரே. அப்படியிருந்தும் சபை சிறுபான்மையின் பக்கம் நின்றது. பெரும்பான்மைக்கு இதமான ஏற்பாடு ஒரு பகுதியினரைப் பாடசாலையிலிருந்தே விலக்கிவிடலாம் என்பதே வாதம். இந்த முடிவைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

5. தனிப் பாடசாலை. கறுப்பின வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட ஆரம்பப் பாடசாலை ஒன்றை நிறுவ 2008 ஜனவரியில் ரொறன்ரோ சபை 11க்கு 9 என்ற வாக்கில் முடிவெடுத்தது. 2009 செப்டம்பரில் அது திறந்தது. எதிர்த்தவர்கள், 1965இல் மூடியதை மறுபடி திறக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளியது: அங்கே வெளியே நிறுத்தப்பட்டார்கள், இங்கே பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள், எந்த இனத்துப் பிள்ளைக்கும் இடமுண்டு. ஆனால் அளவு சிறியது. நகரமெங்கும் பரந்திருக்கும் கறுப்பின மாணவர்களில் மிகச் சிலரையே ஒரு பாடசாலை ஏற்க முடியும். மற்றவர்களுக்கு வழக்கமான பாடசாலைதான்.

6. விதி மாற்றம். 2020இல் மாகாண அரசு இரண்டு முடிவுகளை அறிவித்தது. பாலர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, மிகக் கடுமையான குற்றங்கள் தவிர்ந்த மற்றவற்றுக்கு இடைநீக்கம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் தடம் பிரித்தல் இல்லை. கணிதத்தில் 2021 செப்டம்பர் முதலும், ஏனைய பாடங்களில் 2022 செப்டம்பர் முதலும் இது நடைமுறைக்கு வந்தது. மேலே உள்ள ஐந்தைவிட இந்த ஆறாவது கனமானது என்பது என் மதிப்பீடு. ஆசிரியரின் மனம் மாறும் என்று காத்திருக்காமல், தவறாக முடிவெடுக்கக்கூடிய இடத்தையே அது நீக்கிவிடுகிறது. குறையும் உண்டு. 10ஆம் வகுப்பில் தடங்கள் அப்படியே இருக்கின்றன. கதவு மூடப்படவில்லை, ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பல நிலைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்திவிட்டு வகுப்பின் அளவைக் குறைக்காவிட்டால் யாருக்கு உதவ முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

7. அரசு கையிலெடுத்தல். பீல் மீளாய்வுக்குப் பின் அந்தச் சபைக்கு 27 உத்தரவுகள் இடப்பட்டன. அவற்றை நிறைவேற்றும் மனமோ திறனோ சபைக்கு இல்லை என்று அடுத்த விசாரணை முடிவு செய்தது. 2020 ஜூனில் அமைச்சு மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்தது; தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் அதிகாரம் அவரிடம் போனது. 2023 தொடக்கத்தில்தான் திரும்பி வந்தது.

இந்த ஏழில் எது உண்மையாக வேலை செய்கிறது என்று அறிய, இன வாரியாகத் தரவு வேண்டும். ரொறன்ரோ சபை 2006இலேயே மாணவர் கணக்கெடுப்பைத் தொடங்கியது. மேலே உள்ள ரொறன்ரோ எண்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான். வேறு பல சபைகள், ‘நாங்கள் நிறம் பார்ப்பதில்லை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு கணக்கெடுக்காமலே காலம் கடத்தின. 2017இன் இனவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி, 2023 ஜனவரிக்குள் எல்லாச் சபைகளும் அதைத் தொடங்க வேண்டும் என்றது. மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2025இல் தன் செயற்திட்டத்தை வெளியிட்டபோது, 1948 முதல் இந்த விடயத்தில் எழுதப்பட்ட 80க்கும் மேற்பட்ட அறிக்கைகளின் பரிந்துரைகளைத் தொகுத்துக் காட்டியது. அறிக்கைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் தமிழ்ப் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். தரவுகளில் அவர்கள் ‘ஏனைய சிறுபான்மையினர்’. 87 வீதம், 80 வீதம் என்ற எண்களுக்குள் நாமும் அடக்கம். ‘நாங்களும் கறுப்புத் தோல்தான், நாங்கள் படிக்கவில்லையா?’ என்ற வாதம் இங்கிருந்து புறப்படுகிறது.

அதைச் சொல்லும் முன் இருபதாண்டு பின்னால் போய்ப் பார்க்கலாம். பாதுகாப்பான பாடசாலைகள் சட்டத்தின் விளைவை ஆராய்ந்து மனித உரிமை ஆணைக்குழு 2003இல் வெளியிட்ட அறிக்கை, கறுப்பின மாணவர்களோடு தமிழ் மாணவர்களும் அளவுக்கு மீறித் தண்டிக்கப்படுவதாகச் சமூகத்தினர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறது. ரொறன்ரோப் பத்திரிகைகளில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘குழு மோதல்’ என்ற சொல் வந்துகொண்டிருந்த காலம் அது. நான்கு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து நின்றாலே கும்பலாகத் தெரிந்த அந்தப் பார்வை, நம்மைவிட்டு நகர்ந்துவிட்டது. கறுப்பினப் பிள்ளையைவிட்டு நகரவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஆப்பிரிக்கரைக் குறிக்க ஈழத்துப் பேச்சில் ‘காப்பிலி’ என்றொரு சொல் வழங்குகிறது. அரபுச் சொல்லொன்று போர்த்துக்கேயர் வாய்வழியாக இலங்கைக்கு வந்து, அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களுக்குப் பெயரானது. அந்த வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் பக்கத்தில் வாழ்கிறார்கள். கனடாவின் வரவேற்பறைகளில் அது வெறும் அடையாளப் பெயராகப் பேசப்படுவதில்லை என்பது நமக்குத் தெரியும். வீட்டில் அதைக் கேட்டு வளரும் பிள்ளை பாடசாலையில் அதற்கு இணையான ஆங்கில இழிசொல்லைப் பயன்படுத்தினால், சம்பவப் பதிவேட்டில் குற்றம் செய்தவர் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயர் எழுதப்படும்.

கடிதம் எங்கே?

இடைநீக்கம் நடந்தால் பெற்றோருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதில் காரணம், நாட்கள், மேன்முறையீட்டு வழி ஆகியவை இருக்க வேண்டும். இடைநீக்கம் தொடங்கி 10 பாடசாலை நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கலாம். 6 நாட்களோ அதற்கு மேலோ என்றால், பிள்ளைக்குக் கல்வித் திட்டம் ஒன்றைச் சபை வழங்க வேண்டும். இனம் காரணம் என்று கருதுபவர்கள் ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் அந்தக் கடிதத்திலிருந்து தொடங்குகின்றன. ஆனால் பெற்றோர் பலருக்கு வருவது கடிதம் இல்லை, காலை 11 மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: ‘இன்று அவனுக்கு நாள் சரியில்லை, வந்து கூட்டிச் செல்ல முடியுமா?’ வேலையிலிருந்து ஓடி வருகிறார்கள், பிள்ளையைக் கூட்டிச் செல்கிறார்கள். மாதத்தில் நான்கு நாள் இப்படிப் போனாலும் அது இடைநீக்கமாகப் பதிவாவதில்லை. மேன்முறையீட்டுக்கு எதுவும் இல்லை. ஆண்டிறுதிக் கணக்கில் அந்தப் பிள்ளை சுழியம். ‘இது இடைநீக்கமா? அப்படியென்றால் கடிதம் தாருங்கள். இல்லையென்றால் அவன் வகுப்பில் இருக்கட்டும்’ என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அப்படிக் கேட்டதால் எழுதப்படும் கடிதம்தான் அடுத்த அறிக்கையில் ஓர் எண்ணாக வரும்.